வைப்அவுட்டுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே எஃப்-ஜீரோ வந்துருச்சு சார்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கார் ரேஸ் வீடியோ கேம் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, படமெல்லாம் நல்லா இருந்துச்சு, நானும் காபி ஆறிப்போறது தெரியாம படிச்சேன். நம்ம பேப்பர்ல இந்த மாதிரி விஷயமெல்லாம் வர்றதே அபூர்வம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா ரெண்டு இடத்துல எனக்கு மனசு கேக்கல. ஒண்ணு, எதிர்காலத்துல நடக்கற மாதிரி, சக்கரமே இல்லாம மிதக்கற வண்டி ரேஸ் எல்லாம் 1995ல சோனியோட பிளேஸ்டேஷன் மிஷின்ல வந்த வைப்அவுட்ங்கற கேமோட தான் ஆரம்பிச்சுதுன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டாவது இன்னும் மோசம், அதுக்கு முன்னாடி இருந்த கேம்ல எல்லாம் "ஆக்சிலரேட்டர அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இடது வலது திருப்பினா போதும்"னு ஒரே வரில முடிச்சுட்டீங்க. முதல் தப்பையாவது வருஷத்த மாத்தி சரி பண்ணிடலாம். ரெண்டாவது தப்புக்குத்தான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியதாப் போச்சு, முழுசா போட இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, ஆனா முழுசா படிச்சுட்டு வெட்டுங்க.

வருஷக் கணக்க முதல்ல முடிச்சுடறேன். நின்டெண்டோ கம்பெனி ஜப்பான்ல சூப்பர் ஃபாமிகாம்னு டிவில மாட்டி ஆடற மிஷின விட்டது 1990 நவம்பர் 21. அன்னிக்கு அது கூடவே கடைக்கு வந்தது ரெண்டே கேம் தான், ஒண்ணு சூப்பர் மாரியோ வேர்ல்ட், இன்னொண்ணு எஃப்-ஜீரோ. கதை நடக்கறது 2560ம் வருஷம், சக்கரம் இல்லாத வண்டி, தரைக்கு மேல ஒரு அடி மிதக்கும், ஊருக்கு மேல ஆகாசத்துல போட்ட ரோடு. இதுக்கு மேல என்ன எதிர்காலம் வேணும்? வைப்அவுட்ட நான் குறை சொல்ல வரல, லிவர்பூல்ல இருந்த சிக்னோசிஸ் கம்பெனி பண்ணின அருமையான கேம் அது, அதோட பாட்டும் டிசைனும் இன்னிக்கும் பழசாகல. ஆனா அஞ்சு வருஷம் பின்னாடி வந்தவர அண்ணன்னு சொல்லக்கூடாது இல்லையா. எஃப்-ஜீரோ தான் உலகத்துலயே முதல்னும் நான் சொல்ல மாட்டேன், 1989லயே அட்டாரி கேம்ஸ் கம்பெனி காசு போட்டு ஆடற ஆர்கேட் கடைக்கு ஸ்டன் ரன்னர்னு ஒண்ணு விட்டிருக்காங்க. வீட்டு டிவில உக்காந்து ஆடறதுல இந்த வகைக்கு வழி போட்டது எஃப்-ஜீரோ, அவ்ளோதான் என் கட்சி.

இத இவ்ளோ சூடா சொல்றவன் யாருன்னு கேப்பீங்க. திருச்சி உறையூர்ல ஹார்ட்வேர் கடை வெச்சிருக்கேன், வயசு நாப்பத்தாறு. 1992ல நான் எட்டாவது படிக்கறப்போ எங்க மாமா கப்பல்ல வேலை பாத்தார், யோகோஹாமா துறைமுகத்துல இறங்கினப்போ எனக்குன்னு ஒரு சூப்பர் ஃபாமிகாம் வாங்கிட்டு வந்தார், கூட மிஷின்ல சொருகற கேம் டப்பா, கேட்ரிட்ஜ்னு சொல்லுவாங்க, ஒரே ஒண்ணு, அது தான் எஃப்-ஜீரோ. எங்க தெருல அப்போ இருந்ததெல்லாம் பர்மா பஜார்ல வாங்கின டிவி கேம், அதுல ரோடு ஃபைட்டர் ஆடுவோம், மேலருந்து பாக்கற மாதிரி ரோடு கீழ இறங்கி வரும், லாரில இடிக்காம, எண்ணெய் கொட்டின இடத்துல வழுக்காம போகணும், அது தான் எங்களுக்குத் தெரிஞ்ச ரேஸ். அப்படி இருக்கற வீட்டுக்குள்ள இது வந்து இறங்குச்சு.

வந்த உடனே ஆட முடிஞ்சுதா, அதுவும் இல்ல. ஜப்பான்ல கரண்டு 100 வோல்ட், நம்ம ஊர்ல 230. அப்படியே சொருகியிருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும், நல்லவேளை மாமாவுக்கு விஷயம் தெரியும், பக்கத்துல டிரான்ஸ்பார்மர் சுத்தற அண்ணன்கிட்ட சொல்லி செங்கல் கனத்துல ஒரு ஸ்டெப் டவுன் பண்ணி வாங்கினோம். அது முடிஞ்சு டிவில மாட்டினா படம் கருப்பு வெள்ளை. ஏன்னா அந்த மிஷின் குடுக்கறது என்டிஎஸ்சி சிக்னல், நம்ம டிவி பால் சிஸ்டம், கலர மட்டும் அதுக்குப் புரிஞ்சுக்கத் தெரியாது. கலர் டிவி வாங்கி ஒரு வருஷம் கூட ஆகல, அதுல கருப்பு வெள்ளைல கேம் ஆடறோம்னு எங்கப்பாவுக்கு ஒரே சிரிப்பு. முதல் லீக்ல (அஞ்சு ட்ராக் சேந்தது ஒரு லீக்) ரெண்டாவது ட்ராக் பேரு பிக் ப்ளூ, எங்க வீட்ல அது பிக் சாம்பல். ரெட் கேன்யன்ல சிவப்பு கிடையாது, ஃபயர் ஃபீல்டுல நெருப்பு கிடையாது, கோல்டன் ஃபாக்ஸ்னு ஒரு வண்டி, அதுல பொன் நிறம் மருந்துக்கும் இல்ல. வொயிட் லேண்ட் ஒண்ணு தான் பேருக்கேத்த மாதிரி இருந்துச்சு. அப்படியே பத்து மாசம் ஆடினேன் சார். அதனால கிராஃபிக்ஸுக்கு மயங்கித்தான் இத புகழறேன்னு யாரும் என்னைச் சொல்ல முடியாது.

இப்போ உங்க ரெண்டாவது தப்புக்கு வரேன். ஆக்சிலரேட்டர அமுக்கிப் பிடிச்சா போதும்னு எழுதினீங்களே, நானும் முதல் நாள் அப்படித்தான் நெனச்சேன். பி பட்டன் ஆக்சிலரேட்டர், கட்டைவிரல எடுக்காம அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு முதல் வளைவுல திருப்பினேன், வண்டி மூக்கு மட்டும் திரும்புது, உடம்பு பழைய திசையிலயே வழுக்கிக்கிட்டு போய் ஓரத்து தடுப்புல மோதி எதிர்பக்கம் எகிறி, அங்க மோதி இங்க வந்து, உரல்ல போட்ட உலக்கை மாதிரி இடி வாங்கிச்சு. இந்த கேமோட முதல் பாடமே அங்க தான் இருக்கு, அதுல ஜெயிக்கறது எப்போ அமுக்கறோம்ங்கறதுல இல்ல, எப்போ விடறோம்ங்கறதுல தான். வளைவுக்கு சத்த முன்னாடி விரல எடுக்கணும், வண்டி மூக்கு உள்பக்கம் திரும்பின உடனே டக்குனு திரும்ப அமுக்கணும், பெரிய வளைவா இருந்தா விட்டு விட்டு தட்டிக்கிட்டே போகணும், தவில்காரர் விரல் மாதிரி. அப்படி தட்டினா வழுக்கல் குறைஞ்சு வண்டி ரோட்ட பிடிக்கும். இது கூட தோள்பட்டைல இருக்கற எல், ஆர் பட்டன் ரெண்டும் வண்டிய ஒரு பக்கமா சாய்க்கறதுக்கு, சைக்கிள்ல வேகமா வளையும்போது உடம்ப சாய்ப்போமே அதே தான். திசை அம்புக்குறி, சாய்க்கற பட்டன், விடற விரல் இந்த மூணும் ஒரே நேரத்துல சேரும்போது வண்டி வளைவுல ஒட்டிக்கிட்டு போகும் பாருங்க, அந்த ஒரு செகண்டுக்காகத்தான் ராத்திரி பத்து மணி வரைக்கும் திட்டு வாங்கிக்கிட்டு ஆடினேன். பிரேக்குன்னு ஒரு பட்டன் இருக்கு, இருக்குன்னு சொல்லிக்கலாம், சைலன்ஸ்னு ஒரு ட்ராக்ல செங்கோணமா மடங்கற இடங்கள்ல தான் அது ஞாபகத்துக்கே வரும்.

அடுத்தது ரேங்க். ஒரு ரேஸுக்கு அஞ்சு ரவுண்டு. மத்த கேம்ல கடைசி ரவுண்டுல ஜெயிச்சா போதும், இதுல ஒவ்வொரு ரவுண்டு கோட்ட தாண்டும்போதும் ஒரு கணக்கு இருக்கு. முதல் ரவுண்டுல 15வது இடத்துக்குள்ள இருக்கணும், ரெண்டாவதுல 10, மூணாவதுல 7, நாலாவதுல 5, கடைசில 3. எதுல தவறினாலும் அங்கயே வெளிய தள்ளிடுவான், கையில இருக்கற உதிரி வண்டில ஒண்ணு போச்சு. மாசாமாசம் கட்டவேண்டிய தவணை மாதிரி, ஒரு மாசம் தவறினாலும் ஆள் அனுப்பிடுவான். ஆனா அதே கோட்ட தாண்டும்போது ஒரு பரிசும் குடுக்கறான், சூப்பர் ஜெட்னு ஒண்ணு, ரவுண்டுக்கு ஒண்ணு, திரையில எஸ்னு பச்சையா வந்து நிக்கும் (எங்களுக்கு பச்சை எங்க தெரிஞ்சுது), ஏ பட்டன அமுக்கினா சில செகண்டுக்கு வண்டி பைத்தியம் பிடிச்ச மாதிரி பாயும். மூணு வரைக்கும் சேத்து வெச்சுக்கலாம். இப்போ இது பெரிய தலைவலி. நேர் ரோட்டுல உடனே செலவு பண்ணலாமா, கடைசி ரவுண்டுக்கு வைக்கலாமா, செலவு பண்ணினா அடுத்த வளைவுக்குள்ள வேகம் அடங்குமா? முதல் ரவுண்டுல கையில ஒண்ணுமே இருக்காது, அங்க உங்க கைப்பழக்கம் மட்டும் தான். ஒரு கேம் தன்னோட கஞ்சத்தனத்தாலயே இவ்ளோ யோசிக்க வைக்க முடியும்னு இதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

வண்டி மொத்தம் நாலே நாலு. இன்னிக்கு கேம்ல நாப்பது அம்பது வண்டி குடுக்கறான், பாதிக்கு மேல பேர் கூட ஞாபகம் இருக்காது. இங்க நாலும் நாலு குணம். ப்ளூ ஃபால்கன் எல்லாத்துலயும் நடுத்தரம், உச்ச வேகம் மணிக்கு 457 கிலோமீட்டர், கேப்டன் ஃபால்கன் ஓட்டறது. கோல்டன் ஃபாக்ஸ் 438 தான், ஆனா கிளம்பற சுறுசுறுப்பு அதுக்கு மட்டும் தான், இடிச்சு நின்னாலும் உடனே வேகம் எடுத்துரும், உடம்பு தான் அப்பளம். வைல்டு கூஸ் முரட்டு உடம்பு. ஃபயர் ஸ்டிங்ரே 478, சாமுராய் கோரோவோட வண்டி, கிளம்பறதுக்கே ஆடி மாசத்து தேர் மாதிரி நேரம் எடுக்கும், எல்லா வண்டியும் தாண்டிப் போயிரும், ஆனா வேகம் ஏறிருச்சுன்னா யாராலயும் பிடிக்க முடியாது. ஒரு தடவ தடுப்புல உரசினா அவ்ளோ நேரம் சேத்த வேகமெல்லாம் போச்சு, மறுபடி முதல்லேருந்து. பின்னாடி வந்த எஃப்-ஜீரோல எல்லாம் வேகம் மணிக்கு ஆயிரத்த தாண்டி காட்டுது, ஆனா என் வயித்துல பட்டாம்பூச்சி பறந்தது அந்த 478ல தான். நான் கடைசி வரைக்கும் கோல்டன் ஃபாக்ஸ் ஆளு. எங்க தெருல என்ன தவிர எல்லாரும் ஸ்டிங்ரே. பயந்தாங்கொள்ளி வண்டின்னு கிண்டல் பண்ணுவானுங்க, பண்ணிட்டு போகட்டும், டெத் விண்டுல வந்து பாருங்கடா அப்படின்னு சொல்லுவேன்.

டெத் விண்டுன்னா சொல்லணும். அந்த ட்ராக்ல பக்கவாட்டுல காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும், நேரா போற ரோடு தான், ஆனா நேரா பிடிச்சா நேரா போகாது, காத்து தள்ளற பக்கத்துக்கு எதிரா கொஞ்சம் திருப்பி வெச்சுக்கிட்டே ஓட்டணும், காவிரி பாலத்துல ஆடி மாசம் சைக்கிள் மிதிச்சவனுக்கு இது சொல்லித்தர வேண்டாம். ட்ராக் மொத்தம் 15, நைட், குயின், கிங்னு மூணு லீக், லீக்குக்கு அஞ்சு. ஒவ்வொண்ணுலயும் ஒரு வில்லங்கம் வெச்சிருப்பான். ரெட் கேன்யன்ல ரோடே பாதில இல்லாம போயிரும், தாவு பலகைல ஏறி அந்தப்பக்கம் குதிக்கணும், தாவி ஆகாசத்துல இருக்கும்போது கீழ் அம்புக்குறிய அமுக்கினா மூக்கு தூக்கி இன்னும் கொஞ்சம் மிதக்கும், கோணலா ஏறினீங்கன்னா ரோட்டுக்கு வெளிய விழுந்து வெடிச்சுரும், அதுக்கு மன்னிப்பே கிடையாது. வொயிட் லேண்டுல பனி வழுக்கல். ஃபயர் ஃபீல்டு தான் கடைசி, அத எக்ஸ்பர்ட்ங்கற கஷ்டமான வகுப்புல முடிக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு, முடிச்சா மாஸ்டர்னு இன்னொரு வகுப்பு தொறக்குது, அப்போ சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியல.

உயிர் கணக்கு எப்படின்னா, மேல பவர் மீட்டர் ஒண்ணு இருக்கும், தடுப்புல உரசினா, மத்த வண்டில மோதினா குறையும். பவர் குறைய குறைய வண்டியோட உச்ச வேகமும் குறையும். முழுசா காலியானா அடுத்த உரசல்ல வெடி தான். அத நிரப்பறதுக்கு ஓரத்துல பிட் பாதை இருக்கு, அது மேல போனா ஒரு கப்பல் மேல பறந்து வந்து நம்ம கூடவே வந்து ஒளிய இறக்கி பவர் ஏத்தும், நிக்கவே வேண்டாம், ஆனா நல்ல பாதைய விட்டு அந்த ஓரத்துக்கு போகணும், எவ்ளோ நேரம் அங்க இருக்கோமோ அவ்ளோ தான் ஏறும். எங்க கருப்பு வெள்ளை டிவில பிட் எது, வேகத்த கொல்ற கரடுமுரடு எதுன்னு ரெண்டுமே கோடு போட்ட சாம்பல் தான், ஒவ்வொரு ட்ராக்லயும் எங்க எது இருக்குன்னு மனப்பாடம் பண்ணினேன், பூகோளத்துல கூட நான் அவ்ளோ படிச்சதில்ல. போட்டி வண்டிங்க தவிர ரேங்க்குல சேராத சும்மா வண்டிங்க வேற வழில நிக்கும், அதுல பளிச் பளிச்னு மின்னிக்கிட்டு ஒண்ணு வரும், அதத் தொட்டா அது வெடிச்சு நம்மள தூக்கி அடிக்கும். கடைசி ரவுண்டுல முன்னாடி போற மின்னல் வண்டிய பாத்தாலே கை வேர்க்கும்.

இதெல்லாம் எப்படி பண்ணினாங்கன்னு அப்போ தெரியாது, பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், இதயும் உங்க கட்டுரைல ஒரு வரி சேத்திருக்கலாம். அந்த மிஷினுக்கு முப்பரிமாணம்லாம் தெரியாது. அது கிட்ட மோட் செவன்னு ஒரு வித்தை இருக்கு, ஒரு தட்டையான படத்த எடுத்து சுத்தலாம், பெருசு சின்னது பண்ணலாம், அவ்ளோதான். எஃப்-ஜீரோ ட்ராக் முழுக்க மேலருந்து பாத்து வரைஞ்ச ஒரு பெரிய கோலம் மாதிரி தான், குட்டி குட்டி சதுர ஓட்டுத் துண்டுகள் அடுக்கி பண்ணினது. திரைய கோடு கோடா வரையும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் வேற வேற அளவு சொல்றாங்க, மேல இருக்கற கோட்டுல படத்த சின்னதாக்கி, கீழ வர வர பெருசாக்கினா, சுருட்டி வெச்ச பாய விரிச்சு தரைல போட்டு ஓரத்துலருந்து பாக்கற மாதிரி ஆயிருது. நாம ஓட்டறப்போ வண்டி திரும்பறதே இல்ல சார், அந்தப் பாய் தான் நமக்குக் கீழ சுத்துது! வானமும் தூரத்து ஊரும் வேற படம், திரைல பாதி வழில ஒரு வித்தைலருந்து இன்னொரு வித்தைக்கு மாத்திக்கறாங்க. வண்டிப் படங்கள இந்த மிஷினால பெருசு சின்னது பண்ண முடியாது, அதனால ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு அளவுல தனித்தனியா வரைஞ்சு வெச்சிருக்காங்க. ட்ராக்ல மேடு பள்ளம் எதுவுமே இல்லாததுக்கு காரணம் இது தான், தட்டையான பாய்ல மேடு எங்க வரும். தாவும்போது மட்டும் நிழல பிரிச்சு காட்டி உயரம்னு நம்ப வெச்சாங்க, நானும் நம்பினேன். இவ்ளோ வேலையையும் செகண்டுக்கு 60 படம் தடங்கல் இல்லாம ஓட்டினாங்க, அதுவும் மூணரை மெகாஹெர்ட்ஸ் சொச்சம் இருக்கற ஒரு சிப்ப வெச்சு. இன்னிக்கு என் போன்ல பஸ் டிக்கெட் ஆப் தொறக்கவே மூச்சு வாங்குது.

அப்புறம் ஒரு நாள் மாமாவோட சிநேகிதர் வீட்டுக்கு, பாலக்கரைல, பால், என்டிஎஸ்சி ரெண்டும் புரியற மல்டி சிஸ்டம் டிவி வந்துச்சு. மிஷின், டிரான்ஸ்பார்மர் ரெண்டையும் துணிப்பைல போட்டு சைக்கிள் கேரியர்ல கட்டி எடுத்துட்டுப் போனோம். மாட்டின உடனே கலர். பிக் ப்ளூ வந்தப்போ நான் ஓட்டவே இல்ல, அப்படியே நின்னு வேடிக்கை பாத்தேன், பின்னாடி வந்த வண்டிங்க எல்லாம் என்ன இடிச்சு இடிச்சு தள்ளிட்டுப் போச்சு. பத்து மாசமா ஓட்டின என் கோல்டன் ஃபாக்ஸ் உண்மையிலயே மஞ்சளா இருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், அன்னிக்கு கலர்ல ஆடின எந்த ரேஸ்லயும் என் நேரம் குறையல. மியூட் சிட்டி முதல் ட்ராக்ல வீட்ல 2 நிமிஷம் 4 செகண்டு, அங்க 2 நிமிஷம் 7 செகண்டு. கண்ணு வேடிக்கை பாக்கப் போயிருச்சு, விரல் தப்பு பண்ணிச்சு.

பாட்டு பத்தி சொல்லாம விட்டா பாவம். யுமிகோ கன்கி, நாவோட்டோ இஷிடா ரெண்டு பேர் போட்டது. மியூட் சிட்டி பாட்டு, பிக் ப்ளூ பாட்டு ரெண்டும் இன்னிக்கும் எனக்கு கடைல ஆணி எடை போடும்போது வாயில வந்துரும். இதுல ஒரு வேடிக்கை இருக்கு, உங்க கட்டுரையாளர் கண்டிப்பா ரசிப்பார். அந்த மிஷினுக்குள்ள இருக்கற ஒலி சிப் சோனி கம்பெனியோடது, அத வடிவமைச்சது கென் குட்டராகி. அதே ஆள் தான் பின்னாடி பிளேஸ்டேஷன உருவாக்கினது, பிளேஸ்டேஷனோட அப்பான்னே அவர சொல்லுவாங்க. எல்லாம் பிளேஸ்டேஷன்ல ஆரம்பிச்சுதுன்னு நீங்க எழுதறீங்க, பிளேஸ்டேஷன் போட்டவர் கைவண்ணம் 1990லயே நின்டெண்டோ டப்பாக்குள்ள பாடிக்கிட்டு இருந்துச்சு.

குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். பெரிய குறை, ஒருத்தர் தான் ஆட முடியும். தெருப் பசங்க ஏழு பேர் சுத்தி உக்காந்துக்கிட்டு ஆளுக்கு ஒரு ரேஸ்னு முறை வெச்சு ஆடுவோம், முறை வர்றதுக்குள்ள கரண்டு போயிரும். இந்தக் குறைய அவங்களே சரி பண்ணப் பாத்தாங்க, எஃப்-ஜீரோவ ரெண்டு பேர் ஆடற மாதிரி பண்ணலாம்னு ஆரம்பிச்ச வேலை தான் 1992ல சூப்பர் மாரியோ கார்ட்டா வந்து நின்னுச்சு, திரைய ரெண்டா பிரிச்சா இவ்ளோ நீள ட்ராக்கும் இவ்ளோ வேகமும் தாங்காதுன்னு சின்ன ட்ராக், குட்டி கார்ட்னு மாத்திக்கிட்டாங்க. இன்னிக்கு உலகமே ஆடற மாரியோ கார்ட்டுக்கு மூலம் இங்க தான் இருக்கு, உங்க கட்டுரைல மாரியோ கார்ட்டுக்கு அரைப் பக்கம், எஃப்-ஜீரோவுக்கு ஒரு வரி கூட இல்ல. இன்னொரு குறை, கம்ப்யூட்டர் ஓட்டற வண்டிங்க கொஞ்சம் அழுகுணி ஆட்டம் ஆடும். எவ்ளோ நல்லா ஓட்டி முன்னாடி போனாலும் ஒரே ஒரு தப்பு பண்ணின உடனே பின்னாடியே ஒருத்தன் மூக்க நீட்டிக்கிட்டு இருப்பான், எங்கேருந்து வந்தான்னே தெரியாது. அந்தக் கோவத்துல ரிமோட்ட தூக்கி அடிச்சவனும் உண்டு, பேர் சொல்ல மாட்டேன், இப்போ பேங்க் மேனேஜரா இருக்கான்.

தொடர்ச்சியா வந்ததையும் சுருக்கமா சொல்லிடறேன். 1998ல நின்டெண்டோ 64ங்கற அடுத்த மிஷின்ல எஃப்-ஜீரோ எக்ஸ், ஒரே நேரத்துல 30 வண்டி, ட்ராக் குழாய் மாதிரி சுத்தும், தலைகீழா போகும். பூஸ்ட்டுக்கு தனியா பரிசு கிடையாது, உயிர் மீட்டர்லருந்தே எடுத்து செலவு பண்ணணும், அது நல்ல யோசனை தான். 2003ல அதுக்கும் அடுத்த மிஷின் கேம்க்யூப்ல எஃப்-ஜீரோ ஜிஎக்ஸ், அத பண்ணிக் குடுத்தது ஒரு காலத்துல நின்டெண்டோவோட பரம எதிரியா இருந்த சேகா கம்பெனி, அந்த கேம் அழகுன்னா அழகு, கஷ்டம்னா அப்படி ஒரு கஷ்டம். 2004ல ஜப்பான்ல மட்டும் கிளைமாக்ஸ்னு ஒண்ணு வந்துச்சு, அதோட சரி, பத்தொன்பது வருஷம் பக்கத்துல வெளிய எட்டியே பாக்கல. இந்தக் காலத்துப் பசங்களுக்கு கேப்டன் ஃபால்கன்னா ஸ்மாஷ் பிரதர்ஸ்ங்கற சண்டை கேம்ல குத்து விடற ஆளு, அவன் வண்டி ஓட்டறவன்னு சொன்னா ஆச்சரியமா பாக்கறாங்க.

2023 செப்டம்பர்ல தான் எஃப்-ஜீரோ 99 வந்துச்சு, நின்டெண்டோவோட ஸ்விட்ச் மிஷின்ல, 99 பேர் ஒரே ட்ராக்ல ஆன்லைன்ல, பழைய 1990 ட்ராக்கு தான், பழைய நாலு வண்டி தான், பாட்டும் அதே பாட்டு. பெங்களூர்ல வேலை பாக்கற என் தங்கச்சி பையன் லீவுக்கு வந்தப்போ கொண்டு வந்தான். மாமா இது பழைய கேம், உங்களுக்குப் பிடிக்கும்னு சொல்லி குடுத்தான். மியூட் சிட்டி. நான் கண்ணாடிய மாட்டிக்கிட்டு வாங்கி, கோல்டன் ஃபாக்ஸ எடுத்து, முதல் வளைவுல விரல விட்டு தட்டினேன். 99 பேர்ல 31வது வந்தேன், பையன் 64. "எப்படி மாமா"ன்னு கேட்டான். அமுக்கறத நிறுத்துடான்னு சொன்னேன், அவனுக்குப் புரியல, சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தேன், அடுத்த நாள் அவன் 12, நான் 40க்கு மேல. சரி விடுங்க, வயசாயிருச்சு.

அதனால என் வேண்டுகோள் ரெண்டே ரெண்டு. வர்ற ஞாயித்துக்கிழமை இணைப்புல ஒரு ஓரத்துல திருத்தம்னு போட்டு 1990, எஃப்-ஜீரோ, சூப்பர் ஃபாமிகாம்னு மூணு வார்த்தை போடுங்க, பெருசா வேண்டாம், வரி விளம்பரத்துக்குப் பக்கத்துல போட்டாலும் சரி. ரெண்டாவது, அந்த "அமுக்கிப் பிடிச்சா போதும்"னு எழுதின கட்டுரையாளர் தம்பியோ தங்கச்சியோ தெரியல, அவங்கள ஒரு தடவ உறையூர் பக்கம் வரச் சொல்லுங்க. மிஷின் இன்னும் என்கிட்ட இருக்கு, டிரான்ஸ்பார்மரும் இருக்கு, இப்போ லேசா ரீங்காரம் போடுது அவ்ளோதான். கேட்ரிட்ஜுக்குள்ள இருந்த பட்டன் பேட்டரி தீந்து போய் சேத்து வெச்ச ரெக்கார்டு நேரமெல்லாம் அழிஞ்சு போச்சு, ஆனா நான் நாப்பது பக்க நோட்டுல பென்சில்ல எழுதி வெச்சிருக்கேன், அந்த 2 நிமிஷம் 4 செகண்டும் தேதியோட இருக்கு. வர்றவங்க டெத் விண்டுல விரல எடுக்காம ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டட்டும். திங்கக்கிழமை வேண்டாம், அன்னிக்கு கடைக்கு சிமெண்ட் லோடு வரும்.

இப்படிக்கு,
உங்கள் முப்பது வருஷ வாசகன்,
உறையூர், திருச்சி.